முதலில் வலது, பிறகு இடது

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. என் வீட்டுக்காரர் சொன்னால் கூட இரண்டு சேர்த்துச் சொல்வார். ஆகவே, போன மாதம் நடந்ததைக் கேட்டுவிட்டு "இவளா இப்படிப் பேசினாள்?" என்று யாரும் ஆச்சரியப்பட வேண்டாம். இவள்தான். பார்த்து ஆச்சரியப்படுவதற்கென்று வேறொருத்தி இருக்கிறாள், என் நாத்தனார். அவளைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரரின் தங்கை அவள். கடைக்குட்டி என்பதால் சின்னு. வயது முப்பத்திரண்டு ஆன பிறகும் சின்னுதான். எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். நான் வேலை பார்க்கிற இடத்திலேயே வேலையும் பார்க்கிறாள். காலையில் குளியலறை வாசலில் தொடங்கி மாலையில் பஸ் இருக்கை வரை ஒரே முகம். அண்ணியும் நாத்தனாரும் இப்படி ஒட்டிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பது கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

நாங்கள் செய்வது காது சோதிக்கும் மெஷின். பள்ளிக்கூடங்களுக்குப் போகிறது. பிள்ளையின் தலையில் ஹெட்செட்டை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பார்கள். மெஷின் பீப் பீப் என்று சத்தம் கொடுக்கும். கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும். பிள்ளை அழுத்துவதை எங்கே நிறுத்துகிறதோ, அந்த இடத்தை மெஷின் குறித்துக்கொள்ளும். முதலில் வலது காது முழுவதும் முடியும், பிறகு இடது காது. கடைசியில் இரண்டே வரியில் ஒரு சீட்டு வரும். மேல்வரி வலது, கீழ்வரி இடது. ஹெட்செட்டில் வலது கிண்ணம் சிவப்பு, இடது கிண்ணம் நீலம். இவ்வளவுதான் எங்கள் தொழில்.

மொத்தம் ஒன்பது பேர். டயர் கடைக்கு மேலே முதல் மாடி. கீழே காற்றடிக்கும் கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தால் மேஜைமேல் வைத்த டீ கிளாஸ் தானாக நகரும். காது மெஷின் செய்கிறவர்கள் இப்படி ஒரு இடத்தைப் பிடித்தார்களே என்று சிரிக்காதீர்கள், வாடகை குறைவு. மூலையில் பஞ்சும் ரப்பரும் வைத்து அடைத்த ஒரு சின்ன அறை உண்டு. ஒரு ஆள், ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி ஜன்னல். அதற்குப் பெயர் பஞ்சுப்பெட்டி. சத்தமில்லாமல் சோதிக்க வேண்டுமென்றால் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்.

மெஷினுக்குள் ஓடும் புரோகிராமை நான் எழுதுகிறேன். சி மொழியில். ஈயத்தை உருக்கி வயர் பற்றவைப்பது சின்னு. அவளுடைய மேஜை ஜன்னலோரம். சால்டரிங் கம்பி, இடுக்கி, பூதக்கண்ணாடி எல்லாம் அதது அதனதன் இடத்தில் இருக்கும். அவள் வைத்த பற்று ஒவ்வொன்றும் கடுகு மாதிரி உருண்டு பளபளவென்று இருக்கும். அதில் குறை சொல்ல எனக்கே வாய் வராது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சின்னுவுக்கு இடது காது கேட்காது. ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து அந்தக் காதைக் கொண்டுபோய்விட்டது. இதை அவள் குறையாக நினைத்து நான் பார்த்ததில்லை. வேலைக்கு வந்த முதல் வாரமே அதை ஒரு கருவியாக்கிக்கொண்டாள். ஒரு மெஷினுக்கு வயர் வைத்து முடித்ததும் பஞ்சுப்பெட்டிக்குள் போய் ஹெட்செட்டைத் தானே மாட்டிக்கொள்வாள். வலது காதுக்குக் கேட்க வேண்டும், இடது காதுக்குக் கேட்கக் கூடாது. சீட்டும் அப்படியே சொன்னால் வயர் சரி, மாற்றிச் சொன்னால் வயர் மாறிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கான மெஷின் என்பதால் சத்தம் ரொம்ப உரக்கப் போகாது. இடது பக்கம் வரும் சத்தம் மண்டையைச் சுற்றி வலது பக்கம் கசிகிற பேச்சே இல்லை. இரண்டு காதும் ஒழுங்காக இருக்கிற எங்களால் இப்படிச் சோதிக்க முடியாது. எங்களுக்கு இரண்டு வரியும் ஒரே மாதிரிதான் வரும். அவள் கேட்டுப் பார்த்து மூடியின் உட்புறம் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் முடிந்ததாக அர்த்தம். நான்கு வருடத்தில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அவளுடைய அந்தக் காதை நானும் ஒரு விதத்தில் பயன்படுத்திக்கொண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்கிறேன். அவள்மேல் கோபம் வந்தால் அவளுக்கு இடது பக்கம் போய் நின்று முணுமுணுப்பேன். மனசு லேசாகிவிடும், சண்டையும் வராது. எங்கள் வீட்டு ஹீட்டர் சின்னது. அவள் முதலில் குளித்துவிட்டு வந்தால் எனக்குப் பச்சைத் தண்ணீர்தான். ஒருநாள் அவள் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது இடது பக்கமாகப் போய், "ஒருத்தி குளிச்சா ஊருக்கே தண்ணி இல்ல, மகாராணி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவள் பாட்டுக்குத் துவட்டிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் என் வீட்டுக்காரர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஹீட்டரோடு மல்லுக்கட்டினார். அதற்குப் பிறகு எனக்கு வெந்நீர் தாராளமாக வந்தது. இரண்டு நாள் அவரை வாயார மெச்சினேன். அவரும் வாங்கிக்கொண்டார்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை போன் வந்தது. ஒரு பள்ளியின் நர்ஸ். முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், எங்க ஸ்கூல்ல ஒரு பொண்ணு. பொறந்ததுலேர்ந்தே இடது காது கேக்காது. எல்லாருக்கும் தெரியும். உங்க மெஷின் வலது காது கேக்காதுன்னு சீட்டு குடுக்குது. மூணு தடவ போட்டுப் பாத்துட்டேன். தெரிஞ்ச பொண்ணா இருந்ததால பொழச்சோம். தெரியாத பிள்ளையா இருந்தா? நல்ல காதுக்கு வைத்தியம் பாப்பாங்களே சார்!"

முதலாளியின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அதே தொகுதியில் பன்னிரண்டு மெஷின்கள் போயிருந்தன. கையில் போனை வைத்துக்கொண்டே என் மேஜைக்கு வந்தார். கண்ணாடி நெற்றியில் இருந்தது, அதைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினார்.

"புரோகிராம்ல ஏதாவது இருக்குமாம்மா?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆவேசம் வந்ததோ தெரியவில்லை.

"என் புரோகிராமா? காது சோதிக்கிற பகுதிய நான் தொட்டு மூணு வருஷம் ஆச்சு சார். ஒரு எழுத்து மாறல. போன மாசம் சீட்டு தலைப்புல ஸ்கூல் பேரு சேத்தேன், அவ்ளோதான். வலது இடது மாறுதுன்னா வயர்தான் மாறிருக்கும். சின்னப் பிள்ளைக்குக்கூட தெரியும்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நுணல் தன் வாயால்தானே கெடும்! கீழே கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. சின்னு நாலடி தள்ளி, இடது பக்கத்தை எங்களுக்குக் காட்டியபடி குனிந்து பற்றவைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் சொன்னேன்: "ஒரு காத வெச்சுக்கிட்டு காது மெஷின் பாத்தா இப்படித்தான் பாதி வேலை நடக்கும்."

பேக்கிங் பார்க்கிற அக்கா தலை குனிந்துகொண்டார். சின்னு கம்பியை ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் பூதக்கண்ணாடியைத் துடைத்தாள்.

முதலாளி நல்ல மனுஷர். ஆனால் பயந்த மனுஷர் நல்ல மனுஷராக நடப்பது கஷ்டம். சின்னுவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அந்த மெஷின் புதன்கிழமை திரும்பி வருகிறது, திறந்து பார்ப்போம், வயர் மாறியிருந்தால் அவள் இனிமேல் பேக்கிங்கில் இருக்கட்டும், வயர் வேலைக்கு வேறு ஆள் பார்க்கிறேன் என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் மேஜையிலிருந்த இடுக்கியைப் பார்த்துச் சொன்னார்.

"சரி சார்" என்றாள் சின்னு. "நான் எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் கையெழுத்து போட்டேன். ஆனா வரட்டும், பாப்போம்."

அன்றைக்கும் மறுநாளும் வீட்டில் அவள் எப்போதும்போல இருந்தாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

புதன்கிழமை காலை மெஷின் வந்தது. முதலாளிக்கு அன்று பார்த்துப் பல்வலி. கன்னம் பந்து மாதிரி வீங்கியிருந்தது. பல் டாக்டரிடம் ஓடும் அவசரத்தில், "நான் வர்றதுக்குள்ள திறந்து, வயர எனக்கு எடுத்து வைங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

"அண்ணி, ஒரு நிமிஷம்" என்றாள் சின்னு. "திறக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ போட்டுப் பாத்துக்கறேனே."

"எதுக்குடி? நர்ஸு மூணு தடவ பாத்தாச்சு. சீட்டும் கூடவே வந்திருக்கு, பாரு."

"சீட்டு என்ன சொல்லுதுன்னு தெரியும். மெஷின் என்ன பண்ணுதுன்னு பாக்கணும்."

இந்த இரண்டு வாக்கியத்தை அன்று நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அப்போதே பாதி புரிந்திருக்கும். பேக்கிங் அக்கா கீழே போய் டயர் கடைக்காரரிடம் பத்து நிமிடம் கம்ப்ரசரை நிறுத்தச் சொன்னார். சின்னு பஞ்சுப்பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் கண்ணாடி ஜன்னலில் நின்றேன்.

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். கட்டைவிரல் பட்டன்மேல். முதல் சில நிமிடம் அந்த விரல் அழுத்தி அழுத்தி எழுந்தது. பிறகு நின்றது. விரல் பட்டன்மேலேயே இருந்தது, அசையவில்லை. அவளும் அசையவில்லை. கடைசியில் மெஷின் தன் சீட்டைத் துப்பியது. அவள் வெளியே வந்து சீட்டை என் கையில் கொடுத்தாள். வலது கேட்காது, இடது கேட்கும்.

"பாத்தியா?" என்றேன். "மாறித்தானே இருக்கு?"

"மாறித்தான் இருக்கு. ஆனா வயர் இல்ல அண்ணி."

"என்னடி சொல்ற?"

"மெஷின் முதல்ல எந்தக் காதக் கேக்கும்?"

"வலது. உனக்குத் தெரியாதா?"

"வயர் மாறிருந்தா, வலதுக்குன்னு அது அனுப்பற சத்தம் எங்க வரும்? என் இடது காதுக்கு வரும். அப்போ முதல் பாதி முழுக்க நான் மரம் மாதிரி உக்காந்திருக்கணும். ரெண்டாம் பாதியிலதான் அழுத்த ஆரம்பிச்சிருக்கணும்." தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். "நீங்க பாத்துட்டுத்தானே இருந்தீங்க? நான் எப்போ அழுத்தினேன்?"

முதலில்தான் அழுத்தினாள். நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

"சத்தம் போக வேண்டிய காதுக்குச் சரியாத்தான் போகுது" என்றாள். "வலது காதுக்கு முதல்ல போச்சு, நான் கேட்டேன், சொன்னேன். நான் சொன்ன பதில அது எழுதி வைக்கறப்பதான் எடம் மாத்திடுது."

மெஷினைத் திறக்கவில்லை, மீட்டரைத் தொடவில்லை, ஒரு வரி புரோகிராம் படிக்கத் தெரியாது. ஒரு கட்டைவிரலை வைத்துக்கொண்டு தப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்! இரண்டே விதமாக நடக்கலாம், இரண்டிலும் சீட்டு ஒன்றாகத்தான் வரும், ஆனால் முன்பின் வேறாக இருக்கும் என்று யோசித்திருக்கிறாள் பாருங்கள். நாங்கள் எல்லோரும் சீட்டையே முறைத்துக்கொண்டிருந்தோம். அவள் ஒருத்திதான் அந்தச் சீட்டு உருவான நேரத்தைக் கவனித்தாள். அடி என் தங்கமே என்று கட்டிக்கொண்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? எகிறினேன்.

"எழுதறதுல என்னடி எடம் மாறும்? நான் வரிசையாத்தான் எழுதிருக்கேன். முதல்ல வலது, அப்புறம் இடது."

"நீங்க வரிசையா எழுதிருப்பீங்க அண்ணி. நீங்க எழுதின வரிசையிலதான் அது செய்யும்னு யாரு சொன்னா?"

நக்கலாகக் கேட்கவில்லை. தெரியாமல் கேட்டாள், தெரிந்துகொள்ளக் கேட்டாள். கேட்டுவிட்டுத் தன் மேஜைக்குப் போய்விட்டாள்.

நான் போய் என் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வரியைத் திறந்தேன். சி மொழியில் ஸ்ட்ரக்சர் என்று ஒன்று உண்டு. அறைகள் வைத்த பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பெட்டியில் இரண்டு அறை. முதல் அறை வலது காதின் விடைக்கு, அடுத்தது இடது காதின் விடைக்கு. இரண்டையும் நெளி அடைப்புக்குறிக்குள் ஒரே வரியில் நிரப்பியிருந்தேன். 'அடுத்த காதைச் சோதி' என்ற ஒரே கட்டளை, நடுவில் ஒரு காற்புள்ளி, மறுபடியும் அதே கட்டளை. அந்தக் கட்டளையை முதல் தடவை கூப்பிட்டால் வலது காதைச் சோதித்து விடை சொல்லும், இரண்டாம் தடவை கூப்பிட்டால் இடது காதை. எழுதிய அன்றைக்கு அதன் அழகை நானே மெச்சிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

மொழியின் விதிப்புத்தகத்தை எடுத்தேன். நான் கரைத்துக் குடித்ததாகச் சொல்லிக்கொள்ளும் புத்தகம். அதில் தெளிவாகப் போட்டிருந்தது. அடைப்புக்குள் முதலில் எழுதியது முதல் அறைக்குப் போகும், இரண்டாவது எழுதியது இரண்டாம் அறைக்குப் போகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவற்றில் எதை முதலில் செய்வது என்று மொழி வாக்குக் கொடுக்கவில்லை. எதை வேண்டுமானாலும் முதலில் செய்யலாம். புரோகிராமை மெஷினுக்குப் புரிகிற விதமாக மாற்றிக்கொடுக்கும் கம்பைலரின் இஷ்டம் அது. இரண்டாவதாக எழுதிய கட்டளையை அது முதலில் கூப்பிட்டால், வலது காதின் விடை அதற்குத்தான் கிடைக்கும். அந்த விடை நேராகப் போய் இடது அறையில் உட்கார்ந்துகொள்ளும்.

மூன்று வருடமாக என் பழைய கம்பைலர் தற்செயலாக இடமிருந்து வலமாகச் செய்துகொண்டிருந்தது. அந்த போன் வருவதற்கு முந்தின மாதம் என் கம்ப்யூட்டர் செத்துப்போய்ப் புதியது வந்தது, கம்பைலரும் புதிது. அது கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறது. அதன்மேல் தப்பே இல்லை. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் சி ப்ளஸ் ப்ளஸ். அங்கே இதே அடைப்புக்குறிக்கு இடமிருந்து வலம் என்று விதியே உண்டு. பிறந்த வீட்டு வழக்கம்தான் புகுந்த வீட்டிலும் என்று நினைத்துக்கொண்ட பெண் மாதிரி, நான் அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு எழுத்து மாறவில்லை என்று முதலாளியிடம் மார்தட்டினேனே, உண்மைதான். எழுத்து மாறவில்லை, முன்பின்தான் மாறியது.

சின்னு மெஷின்களைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டது பழைய புரோகிராம் அவற்றில் இருந்தபோது. பேக் செய்வதற்கு முந்தின நாள், பள்ளிப் பெயர் சேர்த்த புதியதை நான்தான் ஏற்றினேன். ஏற்றிவிட்டு நானே ஹெட்செட்டை மாட்டிச் சோதித்தேன். எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். இரண்டு வரியும் ஒன்றுபோல வந்தது. திருப்தியாக மூடியைப் போட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

சரிசெய்ய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முதலில் வலது காதைச் சோதித்துத் தனி வரியில் எடுத்து வைத்துக்கொள், பிறகு இடது காது, அதற்குப் பிறகு பெட்டியை நிரப்பு. முன்பின்னை நானே எழுதிவிட்டேன். கம்பைலர் இனி எங்கிருந்து ஆரம்பித்தாலும் விடை மாறாது.

இனிமேல்தான் அசிங்கமான பகுதி. என் திரையில் இருப்பதைப் படிக்க அந்த மாடியில் இன்னொருவர் கிடையாது. புதிய புரோகிராமை ஏற்றிவிட்டு, 'வயர் லேசா விட்டிருந்துச்சு சார், சரிபண்ணிட்டேன்' என்று சொன்னால் கதை முடிந்தது. மற்ற பதினொன்றையும் வரவழைத்து அதே மாதிரி ஏற்றிவிடலாம். என் பெயர் கெடாது. சின்னு என்ன, என்னைக் காட்டிக்கொடுக்கவா போகிறாள்? இப்படி நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

நிமிர்ந்து பார்த்தேன். சின்னு தன் இடுக்கிகளை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பூதக்கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றினாள். சால்டரிங் கம்பியின் நுனியை ஈரப் பஞ்சில் துடைத்து, ஆறட்டும் என்று தனியே வைத்தாள். மேஜை மேலிருந்த ஈயத் துணுக்குகளை உள்ளங்கையால் வழித்துக் குப்பையில் போட்டாள். அடுத்து வருகிறவருக்கு மேஜையைச் சுத்தமாகக் கொடுக்கிறாள். தப்பு தன்னுடையதில்லை என்று அவளுக்குத் தெரியும். அதை என்னிடம் நிரூபித்தும் விட்டாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாமல் மிச்சத்தை என்னிடமே விட்டுவிட்டாள்.

முதலாளி வந்தார். ஊசி போட்டுப் பாதி முகம் மரத்திருந்தது. வாய் ஒரு பக்கம்தான் திறந்தது. "வயல எலுத்து வெச்சீங்கலா?" என்றார்.

எழுந்து நின்றேன். அதே நேரம் பார்த்துக் கீழே கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தது. நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை, காதுக்குப் பின்னால் கையை வைத்தார். வேறு வழியில்லாமல் கத்தினேன்.

"வயர் சரியா இருக்கு சார்! தப்பு என் புரோகிராம்ல! பன்னெண்டு மெஷின்லயும் என் தப்பு!"

எல்லோரும் திரும்பினார்கள். டயர் கடைக்காரர்கூடப் படியேறி எட்டிப் பார்த்ததாகப் பேக்கிங் அக்கா பிற்பாடு சொன்னார். நான் கத்திக்கொண்டே முழுவதையும் சொன்னேன். அடைப்புக்குறி, முன்பின், புதிய கம்பைலர், என் இரண்டு நல்ல காது, எல்லாவற்றையும். முதலாளி கேட்டுக்கொண்டே வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இத யாலு கந்துபுலிச்சா?" என்றார்.

"அவதான். மெஷினத் திறக்கவே இல்ல. விரல வெச்சே கண்டுபிடிச்சா. நான் மூணு வருஷமா படிக்காத விதிய அவ ஒரு கேள்வியில கேட்டுட்டா."

சரிசெய்த புரோகிராமை ஏற்றிச் சின்னுவிடம் கொடுத்தோம். கம்ப்ரசர் நின்றதும் பஞ்சுப்பெட்டிக்குள் போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து சீட்டை முதலாளியிடம் நீட்டினாள். வலது கேட்கும், இடது கேட்காது. அவர் அதைக் கண்ணுக்கு அருகில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மரத்துப்போன வாயாலேயே தட்டுத் தடுமாறிச் சொன்னார்: பன்னிரண்டு பள்ளிக்கும் இன்றைக்கே போன் போட வேண்டும், அதுவரை கொடுத்த சீட்டுகளை யாரும் நம்ப வேண்டாம். அப்புறம், எந்த மெஷினும் புரோகிராம் ஏற்றிய பிறகு சின்னு கேட்டுக் கையெழுத்துப் போடாமல் இந்தப் படியைத் தாண்டக் கூடாது. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டுவதற்கு அவர் வாய் ஒத்துழைக்கவில்லை.

சின்னு தன் மேஜைக்குப் போய்ப் பிஸ்கட் டின்னைத் திறந்து இடுக்கிகளைத் திரும்ப வைக்க ஆரம்பித்தாள். அதது அதனதன் இடத்தில்.

நானும் பேக்கிங் அக்காவும் பிற்பகல் முழுக்க பன்னிரண்டு பள்ளிக்கும் போன் போட்டோம். ஒவ்வொரு போனிலும் "தப்பு எங்களோடது" என்று ஆரம்பித்தேன். ஏழெட்டுக்குப் பிறகு பழகிவிட்டது.

மாலையில் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. நான் பழக்கதோஷத்தில் அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்தேன். எல்லோருக்கும் எதிரில் கத்தினேனே தவிர, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திங்கட்கிழமை பேசிய பேச்சு இன்னும் பாக்கி இருந்தது. அவளுக்குக் கேட்கப்போவதில்லை என்று தெரிந்துதான், முணுமுணுத்தேன்: "மன்னிச்சுக்கோடி. அன்னிக்கு அப்படிச் சொல்லிருக்கக் கூடாது."

"பரவால்ல அண்ணி" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"உனக்குக் கேட்டுச்சா?"

"கேக்குமே."

"அந்தக் காதுதான்..."

"இந்தக் காது இருக்கில்ல?" வலது காதைத் தொட்டுக் காட்டினாள். "சத்தம் சுத்திக்கிட்டு வந்துடும் அண்ணி. எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னுதான் எனக்குத் தெரியாது. யாரோட குரல்னு தெரியும்."

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. நான் கல்யாணமாகி வந்த ஐந்து வருடத்தையும் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். அலமாரிக் கதவு, செருப்பு வைக்கிற இடம், போனில் சிரிக்கிற சிரிப்பு, அவள் இன்னும் கல்யாணம் பண்ணிக்கொள்ளாதது. எல்லாவற்றையும் அவளுக்கு இடது பக்கமாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

"அந்த வெந்நீர்..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க சொன்னதும் சரிதானே. அன்னிலேர்ந்து நான் அரை வாளியோட நிறுத்திக்கறேன்."

"அப்போ உங்கண்ணன் ஹீட்டர ரிப்பேர் பண்ணினது?"

"அண்ணன் அதைத் திறந்தாரு. அப்புறம் மூடினாரு." அவள் சிரித்தாள். "நீங்க அவரை அப்படிப் புகழ்ந்தீங்களா, கெடுக்க மனசு வரல."

நான் எழுந்து, முன்னிருக்கையில் இருந்தவரின் முறைப்பை வாங்கிக்கொண்டு, அவளைத் தள்ளி உட்காரவைத்து, ஜன்னலோரம் போய் அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்தேன். முதலிலிருந்து சொன்னேன். இந்தத் தடவை முணுமுணுக்கவில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கே எழுந்து ஹீட்டரைப் போட்டேன். சின்னு துண்டோடு வந்ததும், "முழு வாளி. ஒரு சொட்டு மிச்சம் வெச்சே, தெரியும் சேதி" என்று சொல்லி உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். அவள் அரை மணி நேரம் குளித்தாள். அவளுக்குப் பிறகு நான் போனேன். குழாயில் வந்த பச்சைத் தண்ணீர் எலும்பில் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு குளித்து முடித்தேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை.